கேஸ் ஏற்றும் முன் கசிவைத் தேடுங்கள்

கத்திரி வெயில் தொடங்கியதும் மயிலாப்பூர், தி. நகர், அடையாறு வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு: "கேஸ் கம்மியாயிடுச்சு சார், ஏத்திடலாம்." ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய செம்புக் குழாய்களுக்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றி, அறையின் வெப்பத்தை வாங்கி வெளியே தள்ளுகிறது. குறைந்திருந்தால், எங்கோ கசிகிறது. அதை அடைக்காமல் ஏற்றினால் மறுபடியும் போய்விடும்.

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஃபில்டரைக் கழற்றிக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். அடுத்து அவுட்டோர் யூனிட். தி. நகர் சந்துகளில் இரண்டு சுவர்களுக்கு நடுவே இதை நெருக்கி மாட்டிவிடுகிறார்கள். வெளியே விட்ட அனலையே திரும்ப இழுப்பதால் கேஸ் சரியாக இருந்தும் குளிராது. பிறகு 18 டிகிரியில் வைத்து 20 நிமிடம் ஓடவிட்டு, உள்ளே இழுக்கும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் தெர்மாமீட்டரில் அளந்து பாருங்கள். 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் கேஸைச் சந்தேகிக்க அநேகமாகக் காரணமில்லை. அவுட்டோரில் மெல்லிய குழாய் மேல் பனி படிந்திருந்தாலோ, இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தாலோ கசிவு இருக்கலாம். கம்ப்ரசர் எண்ணெயும் கேஸோடு சேர்ந்தே சுற்றுகிறது. கேஸ் வெளியேறும் இடத்தில் அதுவும் கசியும். தடித்த குழாய் வியர்ப்பது இயல்பு.

அவுட்டோர் யூனிட்டின் லேபிளைப் படம் எடுத்து வையுங்கள். கேஸின் பெயரும் எடையும் அதில் இருக்கும். பழைய ஏசிகளில் ஆர்-22; ஓசோனைக் கெடுப்பதால் 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியே விலக்கப்பட்டு வருவது. அடுத்து வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் கரியமில வாயுவைவிட 2,000 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். இப்போது பரவலாக உள்ள ஆர்-32க்கு அந்தக் கணக்கு 675. சில மாடல்களில் ஆர்-290, அதாவது புரொப்பேன். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஏற்ற ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். ஆர்-32 வேலை செய்யும் அழுத்தம் ஆர்-22ஐவிட மிக அதிகம். பழைய மெஷின் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஆர்-32 லேசாகவும், புரொப்பேன் வேகமாகவும் தீப்பிடிக்கும். கேஸ் உள்ளே இருக்கும்போது குழாயில் பற்றவைப்பு வேலை கூடவே கூடாது. ஜன்னல்கள் திறந்திருக்கட்டும்.

மெக்கானிக் வந்ததும் கசிவு பார்க்கச் சொல்லுங்கள். நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்தால் உடனே நிறுத்துங்கள். எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும்.

கசிவை அடைத்த பின், குழாய்க்குள் உள்ள காற்றை உறிஞ்சி எடுக்க வேக்கம் பம்ப் போட வேண்டும். பலர் தாண்டிப் போகும் படி இதுதான், நான் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பதும் இதைத்தான். சென்னைக் காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. அது குழாய்க்குள் தங்கினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, கம்ப்ரசரை உள்ளிருந்தே அரிக்கும். "கொஞ்சம் கேஸ் விட்டே காத்தைத் தள்ளிடலாம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பம்ப் அரை மணி நேரமாவது ஓடட்டும். நிறுத்திய பிறகும் கேஜ் முள் ஏறாமல் நிற்க வேண்டும்.

அதன்பின் சிலிண்டரைத் தராசில் வைத்து, லேபிளில் உள்ள எடைக்கு ஏற்றச் சொல்லுங்கள். குழாய் வழக்கத்தைவிட நீளமாக இருந்தால் கம்பெனி சொன்னபடி கூடுதலாகச் சேர்ப்பார்கள். கேஜைப் பார்த்து ஊகிப்பது இன்வெர்ட்டர் ஏசிக்குச் சரிவராது. பில்லில் கேஸின் பெயர், எத்தனை கிராம், கசிவு எங்கே இருந்தது என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

சாந்தோம், பெசன்ட் நகர் பக்கம் உப்புக்காற்று அவுட்டோர் காயிலை அரிக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவிவிடுங்கள். கூவம், அடையாறு ஓரத்துச் சாக்கடை வாயுவில் உள்ள ஹைட்ரஜன் சல்பைடு செம்பையே தின்னும். அங்கே உள் காயிலில் ஊசித்துளைகள் விழுந்தால் ஒவ்வொன்றாக அடைப்பதில் பயனில்லை, காயிலையே மாற்றுங்கள். புது ஏசி வாங்கும்போது வாரண்டியில் காயிலும் கேஸும் சேருமா, அரிப்புக்கு விலக்கு உண்டா என்று கடையிலேயே படித்துப் பாருங்கள்.