இடுப்பு வலி: கை வைத்தியமா, ஊசி வைத்தியமா?



முடிச்சூர், படப்பை பக்கம் எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும், கணக்கு முடிந்து எழும்போது இரண்டு பேராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுகிறார்கள். "கைரோபிராக்டிக்கும் அக்குபஞ்சரும் சேர்த்துப் பண்ணா சரியாயிடுமாமே, உள்கடன் எடுக்கலாமா மேடம்?" என்றும் கேட்கிறார்கள். இந்த மாதம் அதைத் தெரிந்துகொள்வோம்.

இவை என்ன?

கைரோபிராக்டிக் 1895-ல் அமெரிக்காவில் தொடங்கியது. முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அழுத்தி, சட்டென்று தள்ளி அசைவைச் சரிசெய்வார்கள். அக்குபஞ்சர் சீன முறை; மெல்லிய ஊசிகளைக் குத்துவார்கள். நம் சித்த மருத்துவத்தில் தொக்கணமும் வர்மமும் உண்டு. 2005-ல் தாம்பரம் சானடோரியத்தில் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் இந்தச் சிகிச்சைகள் தருகிறார்கள்.

சேர்த்துச் செய்யலாமா?

செய்யலாம். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற, வேறு நோயால் வராத இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சி, கை வைத்தியம், மசாஜ், ஊசி வைத்தியம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஒன்று மட்டும் போதாது என்கிறது. இடுப்பு பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. படுத்துப் பெறுகிற சிகிச்சையோடு, தினமும் நாமே நடப்பதும் பயிற்சி செய்வதும் சேர வேண்டும்.

முதலில் காரணம்

நம் உறுப்பினர் ஒரு அக்கா நான்கு மாதம் சுளுக்கு என்று நினைத்து நீவிக்கொண்டே இருந்தார். சாயங்காலம் காய்ச்சல், உடம்பும் இளைத்தது. பரிசோதித்தால் முதுகெலும்பில் காசநோய்! 1928-ல் காசநோய்க்காகத் தொடங்கிய சானடோரியத்தின் பெயரைத் தாங்கிய ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தும், நம் யாருக்கும் அது தோன்றவில்லை. இப்போது அரசின் இலவச மாத்திரையில் தேறி வருகிறார்.

கீழ்க்கண்டவை இருந்தால் முதுகைத் தட்டவோ முறிக்கவோ விடாதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்:

* காய்ச்சல், எடை குறைவு, இரவில் தூங்கவிடாத வலி
* கால் பலம் குறைவது, மரத்துப்போவது
* சிறுநீர், மலம் அடக்க முடியாமை, அல்லது சிறுநீர் வராமை
* விழுந்தபின் வந்த வலி
* முன்பு புற்றுநோய் இருந்திருப்பது

மாதவிலக்கு நின்றவர்களுக்கு எலும்பு தேய்ந்திருக்கலாம். கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

1. என்ன படித்திருக்கிறீர்கள்?
2. ஊசி புதிதா? பாக்கெட்டை நம் கண் முன்னே பிரிப்பீர்களா?
3. எத்தனை முறை வரணும்? மொத்தம் எவ்வளவு?

"இருபது தடவைக்கு இப்பவே கட்டுங்க" என்றால் கட்டாதீர்கள். நான்கைந்து முறையில் குனிவதும் நடப்பதும் சுலபமாகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நிறுத்திவிட்டு மறுபடி டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்த கூட்டத்தில் இந்தப் பட்டியலைச் சத்தமாகப் படியுங்கள். நம் குழுவில் யார் வலியை வெளியே சொல்லாமல் இருக்கிறார்? அவரோடு ஒருவர் துணைக்குப் போங்கள்.