முன்னிற்கும் சுரப்பி வீக்கமும் மருந்துகளும்

வினா: முதியவர் ஒருவர் இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுகிறார்; சிறுநீர் தடைப்பட்டு வெளியேறுகிறது. காரணத்தையும் மருந்துகளின் தொழிற்பாட்டையும் விளக்குக.

விடை: ஆண்களில் சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர்வழியைச் சூழ்ந்து முன்னிற்கும் சுரப்பி அமைந்துள்ளது. இதனையே புரொஸ்டேட் என்பர். முதுமையில் இது பருத்து, வழியை நெருக்கும். இவ்வீக்கம் புற்றுநோயன்று.

1. தம்சுலோசின்: சுரப்பியிலும் சிறுநீர்ப்பைக் கழுத்திலும் உள்ள தசைகளைத் தளர்த்தும். சில நாட்களில் சுகம் தெரியும். ஆனால் சுரப்பி சிறுக்காது. எழும்போது தலைச்சுற்று வரலாம்.

2. பினஸ்டரைட் (1992இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது): தெஸ்தெஸ்தெரோனை அதைவிட வீரியமான ஓமோனாக மாற்றும் நொதியத்தைத் தடுக்கும். சுரப்பி மெல்லச் சிறுக்கும். பயன் தெரிய ஏறத்தாழ 6 மாதங்கள் செல்லும்.

கவனிக்க: பயனில்லையென எண்ணி இரண்டாவது மருந்தை இடையில் நிறுத்தலாகாது. மாணவர்களே, உங்கள் அப்பப்பாவோ அம்மப்பாவோ கூச்சத்தால் இதை மறைக்கக்கூடும், கேட்டறியுங்கள். சிறுநீர் முற்றாக அடைபட்டால் தாமதியாது மந்திகை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும்.