சிப்பிச் சாளரம்

வீட்டினுள் வெளிச்சம் வர வேண்டும். மழைச்சாரலும் வெயிலின் கூச்சமும் வரலாகாது. கண்ணாடி அரிதாக இருந்த காலத்தில் கோவாவின் தச்சர்கள் இதற்கு வழியைக் கடற்சேற்றிலே கண்டனர். அங்குள்ள பழைய மாளிகைகளிலும் மாதா கோயில்களிலும் மரச்சட்டங்களின் நடுவே வரிசையாகச் செருகப்பட்டிருக்கும் பால்நிறத் தகடுகள் கண்ணாடியல்ல. ஒருவகைச் சிப்பியின் ஓடுகளே. போர்ச்சுகீசியர் ஆட்சிக்காலத்தில் இச்சாளரங்கள் கோவாவெங்கும் பரவின. பழைய பம்பாயிலும் இவை வழக்கில் இருந்தன.

இச்சிப்பியின் விஞ்ஞானப் பெயர் பிளாகூனா பிளாசென்டா என்பதாகும். வட்டவடிவமான இரண்டு ஓடுகளில் ஒன்று முற்றிலும் தட்டை. மற்றது சற்றே குவிந்தது. இரண்டிற்கும் நடுவே உள்ள இடம் மிகக் குறுகியது. இதனுள் ஓர் உயிர் எவ்வாறு வாழ்கின்றது என்று முதன்முறை காண்பவர் வியப்பர். முத்துச் சிப்பி பாறையைப் பற்றிக்கொண்டு வாழ்வது; இதுவோ எதனையும் பற்றாமல், ஆழமற்ற கழிமுகங்களின் சேற்றின்மீது படுத்துக் கிடந்து, நீரை வடிகட்டி இரை கொள்ளுகின்றது. கட்ச் வளைகுடா, கோவாவின் சுவாரி கழிமுகம், காக்கிநாடா விரிகுடா ஆகியவை இதன் இருப்பிடங்களுள் சில. காக்கிநாடாவில் இதன் ஓடுகளைச் சுண்ணாம்புக்காக நீற்றினர். இலங்கையில் திருகோணமலையை அடுத்த தம்பலகாமத்தில், இச்சிப்பியினுள் விளையும் நுண்ணிய முத்துக்களுக்காக 19-ஆம் நூற்றாண்டில் குளிப்பு நடைபெற்றது.

சாளரத்திற்கு ஓட்டைப் பக்குவப்படுத்தும் முறை கடினமானதன்று. ஓடுகளைக் கழுவி, வெளிப்புறத்துச் சொரசொரப்பைச் சுரண்டி, உலர்த்துவர். ஓடு மிக மெல்லியது. ஆகையால் தகரம் வெட்டும் கத்தரியாலேயே சதுரமாகவோ நீள்சதுரமாகவோ நறுக்கலாம். வெட்டிய துண்டுகளை, தவாளிப்பு இழைத்த மெல்லிய மரப்பட்டிகளுக்கிடையே செருகுவர். ஆணியோ பசையோ வேண்டுவதில்லை. ஒரு துண்டு உடைந்தால் அதனை மட்டும் உருவி எடுத்து வேறொன்று செருகலாம் என்பது இவ்வமைப்பின் பெருஞ்சிறப்பு. கண்ணாடிச் சாளரத்தில் ஒரு மூலையில் விரிசல் கண்டாலும் பலகை முழுவதையும் மாற்ற நேரிடும் அன்றோ?

மெல்லிய ஓடு இத்தனை உறுதியாக இருப்பது எவ்வாறு? ஓட்டின் எடையில் ஏறத்தாழ 99 சதவிகிதம் கால்சைட் என்னும் சுண்ணாம்புப் படிகமே. தனிக் கால்சைட்டைச் சுத்தியால் தட்டினால், அது நேர்த்தளங்களில் பிளந்து சிதறும். சிப்பியோ இப்படிகத்தை ஒரே கட்டியாக வளர்ப்பதில்லை. ஒரு மைக்ரானில் மூன்றில் ஒரு பங்கு அளவே தடிப்புள்ள நுண்தகடுகளாக அதனை அமைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகின்றது. இடையிடையே மிகச் சிறிதளவு கரிமப்பொருள் படலமாக இருக்கின்றது. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கூரிய முனையால் இவ்வோட்டைக் குத்தும்போது நிகழ்வது தெளிவாயிற்று. குத்துப்பட்ட இடத்தில் படிக அணுக்களின் அடுக்கு, கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல் திசைமாறி மடிகின்றது. இவ்வாறு மடிவதிலேயே தாக்குதலின் ஆற்றல் செலவாகிவிடுகின்றது. விரிசல் அவ்விடத்தோடு நின்று, ஓட்டின் எஞ்சிய பகுதி பழுதின்றி இருக்கின்றது. தனிக் கால்சைட்டைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றலை இது தாங்குகின்றது. இத்தனைக்கும், தன்மீது விழும் ஒளியில் சுமார் 80 சதவிகிதத்தை ஊடுருவ விடுகின்றது. ஆயினும் நுழைந்த ஒளி நேரே செல்லாமல் சற்றுச் சிதறுவதால், வெளியே உள்ள உருவம் தெரிவதில்லை. நண்பகலிலும் அறையினுள் கூச்சமற்ற வெளிச்சம் பரவி நிற்கும்.

பிலிப்பைன்ஸ் தீவுகளில் இதே சிப்பியைக் கொண்டு பழைய வீடுகளின் தள்ளுகதவுகளை அமைத்தனர். பனாய் தீவிலுள்ள மாகாணம் ஒன்றின் பெயரால் இதனைக் ‘காபீஸ்’ என்பர். விளக்குக் கூடுகள், தட்டுகள், தொங்கு திரைகள் முதலியன செய்யும் ஏற்றுமதித் தொழிலும் அங்கு எழுந்தது. அத்தொழிலின் பசி பெரிது. பல இடங்களில் சிப்பிப் படுகைகளே வற்றின.

கோவாவிலோ சிக்கல் வேறு. மலிவான கண்ணாடி வந்தபின் புதிய சிப்பிச் சாளரம் செய்வோர் அருகினர். இப்பொழுது பழைய வீடுகளைப் பழுதுபார்க்க விரும்புவோர்க்கு ஓடுகள் தேவைப்படுகின்றன. கரையில் ஒதுங்கி வெயிலில் கிடந்த ஓடு மங்கி, பொடிந்து உதிரும். தெளிவான தகடு வேண்டுமெனில் பெரும்பாலும் உயிருள்ள சிப்பியையே எடுக்க வேண்டும். 2001-இல் இச்சிப்பி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்க்கப்பட்டு, அவ்வாறு எடுப்பது தடை செய்யப்பட்டது. தடை மட்டும் போதாது என்பதையும் கூற வேண்டும். சேற்றில் படுத்திருக்கும் இவ்வுயிருக்கு அகழ்வுப் பணிகளால் எழும் வண்டலும் கேடே. சுவாரி கழிமுகத்துச் சிகாலிம் விரிகுடாவின் படுகைகளைக் காக்க வேண்டுமென்று ஊரார் பல ஆண்டுகளாகக் கோரி வந்துள்ளனர்.

ஆகவே, இருக்கும் தகடுகளைப் பேணுவதே உரிமையாளர் செய்யத்தக்கது. இடிக்கப்படும் வீட்டின் சாளரங்களை விறகோடு சேர்த்து விற்றுவிடாமல், தகடுகளை உருவி வைத்தல் நன்று. துடைப்பதற்கு நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணி போதும். எலுமிச்சஞ்சாறு, காடி, குளியலறை கழுவும் அமிலம் ஆகியவற்றை அணுகவே விடலாகாது. கால்சைட் அமிலத்தில் கரையும்; அவ்வாறு அரித்த தழும்பு எவ்வளவு தேய்த்தாலும் போகாது.