தீ மருந்தும் ஒரு விஞ்ஞானியும்

வெடிக்கும் பொருளுக்கு 'மருந்து' என்று பெயர் இருப்பது விந்தையல்லவா, தோழியரே? நாம் 'வெடிமருந்து' என்கிறோம். சீனர் 'தீ மருந்து' என்கின்றனர். சுமார் 9-ஆம் நூற்றாண்டில், சாவை வெல்லும் மருந்தைத் தேடிய சீன ரசவாதிகள் வெடியுப்பையும் கந்தகத்தையும் பிற பொருள்களோடு கலந்து சூடேற்றியபோது, தற்செயலாகக் கண்டறிந்ததே அது. அந்நாட்டின் வெடிமருந்து விஞ்ஞானி ஒருவரைப் பற்றி இங்கே அறிவோம்.

வாங் ஸெஷான் 1935-ல் வடகிழக்குச் சீனாவின் ஜீலின் பகுதியில் பிறந்தார். அப்போது அப்பகுதி ஜப்பானியரின் ஆதிக்கத்தில் இருந்தது. தற்காப்பு வலிமையற்ற நாடு படும் துன்பத்தைச் சிறுவயதிலேயே கண்டார். 1954-ல் ஹார்பின் நகரின் இராணுவப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். மாணவர் பலரும் விமானம், கப்பல் போன்ற துறைகளை நாட, பீரங்கிக் குண்டை உந்திச் செலுத்தும் மருந்தைப் பற்றிய படிப்பை அவர் விரும்பித் தேர்ந்தெடுத்தார். ஆபத்தும் அதிகம், புகழும் குறைவு என்று பிறர் ஒதுக்கிய துறை அது.

இம்மருந்தில் இரண்டு பெருந்தொல்லைகள் உண்டு. வெயிலில் வேகமாகவும் குளிரில் மெதுவாகவும் எரியும்; அதனால் குண்டு செல்லும் தூரம் மாறும். மேலும், நாட்பட்டால் தானே சிதைந்து வெப்பத்தை வெளிவிடும். கிடங்கிலேயே தீப்பற்றவும் கூடும். எனவே பழைய மருந்தைத் திறந்தவெளியில் எரிப்பர். அல்லது முன்பு கடலில் கொட்டினர். இதனால் காற்றும் நீரும் மாசுபட்டன.

கழிவென எறியப்பட்ட அம்மருந்தைத் தொழில்களுக்கு உதவும் வெடிபொருளாகவும் வேறு பொருள்களாகவும் மாற்றும் முறைகளை வாங் உருவாக்கினார். இதற்காக 1993-ல் தேசிய விருது பெற்றார். வெப்பநிலை மாறினாலும் ஏறத்தாழ ஒரே சீராகச் செயல்படும் மருந்துக்கு 1996-ல் மற்றொரு விருது கிடைத்தது. நான்ஜிங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பல மாணவரை உருவாக்கினார். முதுமையிலும் சோதனைக் களத்திற்கு நேரில் சென்றார். 2018 ஜனவரியில், 82-ஆம் வயதில், 2017-ஆம் ஆண்டுக்கான சீனாவின் மிக உயர்ந்த அறிவியல் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

பீரங்கி உயிரைப் பறிப்பது என்பதை நாம் மறக்கலாகாது. ஆயினும், போருக்கென்று செய்த மருந்தை ஆக்கப்பணிக்குத் திருப்பியதும் அதே விஞ்ஞானியின் அறிவுதான். தீ மருந்துக்கு நன்மை தீமை தெரியாது. அதைக் கையாளும் மனிதருக்குத் தெரியவேண்டும். நாளை ஆய்வுக்கூடங்களில் நுழையப்போகும் தோழியரே, பாடத்தோடு இதனையும் சேர்த்துக் கற்போமாக!