கறுப்புப் பாறை சொல்லும் கடலின் கதை

பத்தாம் வகுப்பு ‘கரைசல்கள்’ பாடத்தில், வெப்பநிலை கூடினால் நீரில் வாயுக்களின் கரைதிறன் குறையும் என்று படிக்கிறோம். பாறைச் சிதைவு புவியியலில் வருகிறது. கார்பன் சுழற்சியும் குளத்தில் பாசி பெருகுவதும் சூழலியலில் வருகின்றன. வெவ்வேறு இடங்களில் இருப்பதால் மாணவர்கள் இவற்றைத் தனித்தனி விடைகளாகவே மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். இந்த நான்கும் ஒன்றாகச் சேர்ந்து இயங்கிய நிகழ்வு ஒன்று புவியின் வரலாற்றில் உண்டு. அதை ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் இரண்டு பாடவேளைகளில் நான் நடத்தும் முறையை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பாறையிலிருந்து தொடங்குவோம்

இத்தாலியில் குப்பியோ நகரை ஒட்டிய மலைப்பகுதியில் வெளிர்நிறச் சுண்ணாம்புப் பாறைகள் அடுக்கடுக்காக உள்ளன. அவற்றின் நடுவே சுமார் ஒரு மீட்டர் தடிமனில் ஒரு கறுப்புப் பட்டை ஓடுகிறது. 1891இல் அதை விவரித்த குய்டோ பொனரெல்லியின் பெயரால் அது பொனரெல்லி அடுக்கு எனப்படுகிறது. அதன் வயது ஏறத்தாழ 9.4 கோடி ஆண்டுகள். அது டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலம்.

இதே வயதுடைய கறுப்புப் படிவுகள் அட்லாண்டிக், பசிபிக் கடலடித் துளையிடல்களிலும் கிடைத்தன. அப்படியானால் இது ஓர் ஊரின் கதையாக இருக்க முடியாது. 1976இல் ஷ்லாங்கர், ஜென்கின்ஸ் என்ற இரு அறிவியலாளர்கள், கிரெட்டேசியஸ் காலத்தில் பெருங்கடல்களின் பெரும்பகுதி ஆக்சிஜனை இழந்த காலகட்டங்கள் இருந்தன என்று விளக்கினர்.

வகுப்பில் இந்த விளக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுவதில்லை. இரண்டு தடயங்களை மட்டும் கரும்பலகையில் எழுதுகிறேன்.

1. பாறை கறுப்பாக இருக்கிறது.
2. அதில் மெல்லிய ஏடுகள் கலையாமல் இருக்கின்றன.

முதல் தடயத்துக்கு, மட்காத உயிர்ப்பொருளின் கார்பன்தான் காரணம் என்று பிள்ளைகளே ஓரளவு ஊகித்துவிடுவார்கள். இரண்டாவதற்கு மண்புழுவை நினைவுபடுத்தினால் போதும். புழு உள்ள மண் கிளறப்பட்டிருக்கும். கடலடிச் சேறும் அப்படித்தான். ஏடுகள் கலையவில்லை என்றால், கிளற உயிர்கள் இல்லை. உயிர்கள் இல்லை என்றால், அங்கே அவை சுவாசிக்க ஆக்சிஜன் இல்லை.

சங்கிலியைக் கோத்தல்

அடுத்து, ஆறு அட்டைகளைக் குழுக்களுக்குக் கலைத்துக் கொடுக்கிறேன். சரியான வரிசை இது:

1. கடலடி எரிமலைகள் பெருமளவில் வெடித்து, காற்றில் கார்பன் டைஆக்சைடு கூடுகிறது.
2. புவி வெப்பமடைகிறது. வெப்பமான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரைகிறது. மேல்நீர் இலேசாகிக் கீழ்நீரோடு கலப்பதும் குறைகிறது.
3. வெப்பமும் மழையும் கூடுவதால் நிலத்தில் பாறைகள் விரைவாகச் சிதைகின்றன. பாஸ்பரஸ் போன்ற ஊட்டச்சத்துகள் ஆறுகள் வழியே கடலைச் சேர்கின்றன.
4. நுண்பாசிகள் பெருகுகின்றன.
5. அவை இறந்து கீழே விழ, சிதைக்கும் பாக்டீரியாக்கள் மிச்சமிருந்த ஆக்சிஜனையும் தீர்த்துவிடுகின்றன.
6. சிதையாமல் எஞ்சிய கார்பன் சேற்றில் புதைகிறது. காற்றில் கார்பன் டைஆக்சைடு குறையத் தொடங்குகிறது.

பல குழுக்கள் மூன்றாம் அட்டையில்தான் தடுமாறும். நிலத்தில் நடக்கும் பாறைச் சிதைவு கடலை எப்படிப் பாதிக்கும் என்பதை ஆறு என்ற ஒரு சொல்லே திறந்துவிடுகிறது.

இங்கே ஒரு தவறான கருத்தையும் களைய வேண்டும். கார்பன் டைஆக்சைடு கடலுக்குள் புகுந்து ஆக்சிஜனை வெளியே தள்ளிவிட்டது என்று பலர் எழுதுவார்கள். அது அப்படி நேரடியாக இடம்பிடிப்பதில்லை. வெப்பம், ஊட்டச்சத்து என்ற இரண்டு வழிகளில்தான் ஆக்சிஜனைக் குறைக்கிறது.

இரண்டு எளிய சோதனைகள்

முதல் சோதனை வெப்பத்தைக் காட்டும். பீக்கரில் நீரை மெதுவாகச் சூடாக்கினால், கொதிக்கும் முன்பே சுவர்களில் சிறு குமிழிகள் தோன்றும். அவை கரைந்திருந்த காற்று. 0 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 14.6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் சுமார் 7.6 மில்லிகிராம்தான். இந்த எண்களை வரைபடமாக வரையச் சொல்லலாம்.

இரண்டாவது, சிதைவைக் காட்டும். இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் குளத்து நீரை விளிம்பு வரை நிரப்புங்கள். ஒன்றில் மட்டும் ஒரு தேக்கரண்டி பால் சேருங்கள். இரண்டிலும் சில சொட்டு மெத்திலீன் நீலக் கரைசல் விட்டு இறுக மூடிவிடுங்கள். ஓரிரு நாளில் பால் சேர்த்த புட்டியில் நீலம் முதலில் மங்கும். பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டன என்பதன் அடையாளம் அது. மூடியைத் திறந்து காற்றுப் பட, புட்டியைச் சற்று அசைத்தால் நீலம் திரும்பும். சாயத்தை ஆசிரியரே கையாள்வது நல்லது.

சான்று எங்கே?

அன்றைய கார்பன் டைஆக்சைடை யார் அளந்தார்கள் என்று கேட்கும் மாணவரைப் பாராட்டுங்கள். விடை, நாம் நுண்ணோக்கியில் காட்டும் இலைத்துளையில் இருக்கிறது. கார்பன் டைஆக்சைடு அதிகமாக இருந்தால் பல தாவரங்கள் குறைந்த இலைத்துளைகளையே உருவாக்குகின்றன. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கிடைத்த அக்காலத் தொல்லுயிர் இலைகளில் இலைத்துளைகளை எண்ணி, அந்த வாயு முதலில் கூடிப் பின்னர் குறைந்ததை அறிந்தனர். பாறையிலுள்ள ஆஸ்மியம் ஐசோடோப்புகள் எரிமலைச் செயல்பாட்டைக் காட்டின.

அரியலூர், பெரம்பலூர் மாவட்ட ஆசிரியர்களுக்குக் கூடுதல் வாய்ப்பு உண்டு. கிரெட்டேசியஸ் காலத்தில் அந்தப் பகுதி கடலாக இருந்தது. காரை கிராமத்தைச் சுற்றியுள்ள படிவுகள் அந்தக் காலகட்டத்தைச் சேர்ந்தவை. அவற்றில் அம்மோனைட் போன்ற கடலுயிர்ப் படிமங்கள் கிடைக்கின்றன. களப்பயணத்தில் பார்க்கலாம், எதையும் பெயர்த்தெடுக்க வேண்டாம்.

“அப்போ பூமி தானாவே சரியாயிடும்ல?”

ஆறாம் அட்டையைப் படித்ததும் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் இருப்பதில்லை. இந்தப் பாடத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான். சரிசெய்துகொண்டது உண்மை, ஆனால் அதற்கு எவ்வளவு காலம் ஆனது? அந்த நிகழ்வு 5 முதல் 9 லட்சம் ஆண்டுகள் நீடித்ததாகப் பல மதிப்பீடுகள் கூறுகின்றன.

இந்த எண் மனத்தில் பதியாது. எனவே விளையாட்டுத் திடலில் 50 மீட்டர் கயிறு ஒன்றைப் பிடிக்கச் செய்கிறேன். ஒரு சென்டிமீட்டர் 100 ஆண்டு என்றால், கயிற்றின் நீளம் 5 லட்சம் ஆண்டு. நாடு விடுதலை பெற்ற பின் கடந்த காலம் அதில் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. ஒரு மனிதரின் வாழ்நாளும் அவ்வளவுதான். கயிற்றின் இரு முனைகளிலும் நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும்போது, ‘தானாகச் சரியாகும்’ என்பதன் பொருள் புரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று புதைந்த கார்பனில் ஒரு பகுதி பின்னர் பெட்ரோலியமானது. வெனிசுவேலாவின் லா லூனா கரும்பாறைகள் அத்தகைய மூலப்பாறைகளே. இயற்கை லட்சக்கணக்கான ஆண்டுகளில் புதைத்ததை நாம் சில தலைமுறைகளில் எடுத்து எரிக்கிறோம். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கார்பன் டைஆக்சைடு இன்று 420ஐக் கடந்துவிட்டது. 1960 முதல் அரை நூற்றாண்டில் பெருங்கடல்கள் ஏறத்தாழ 2 விழுக்காடு ஆக்சிஜனை இழந்துள்ளன.

அதற்காகப் பிள்ளைகளை அச்சுறுத்த வேண்டியதில்லை. இன்றைய கடல் அன்றைய நிலையில் இல்லை. அக்காலத்தில் கண்டங்களின் அமைப்பும் கடல்மட்டமும் வேறு. சங்கிலியின் முதல் அட்டையில் அன்று எரிமலை இருந்தது, இன்று நாம் இருக்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொன்னால் போதும். எரிமலையை யாராலும் நிறுத்த முடியாது.

மதிப்பீட்டு வினாக்கள்

1. கறுப்புப் பாறையில் ஏடுகள் கலையாமல் இருப்பது எதைக் காட்டுகிறது?
2. மலையில் பாறை சிதைவதற்கும் கடலில் ஆக்சிஜன் குறைவதற்கும் என்ன தொடர்பு?
3. உங்கள் ஊர்க் குளத்தில் கழிவுநீர் கலந்தால், ஆறு அட்டைகளில் எவை பொருந்தும்? எவை பொருந்தா? ஏன்?