வகுப்பறைச் சொற்போர்: மறுதரப்புக் கணக்கையும் எழுதுக

சுங்கை ஆயர் தாவார், சுங்கை பெசார், சபாக் பெர்ணம் வட்டாரங்களில் வாணிபம் செய்துவரும் நம் சகோதரர்களின் பிள்ளைகள், "வகுப்பில் சொற்போர் நடக்கப் போகிறது, என்னையும் ஓர் அணியில் சேர்த்திருக்கிறார்கள்" என்று வீட்டில் வந்து சொல்வதுண்டு. "வாய்ச்சண்டைக்கா பள்ளிக்கு அனுப்பினோம்?" என்று கேட்கும் தகப்பனார்களும் உண்டு. சொற்போர் வாய்ச்சண்டை அன்று. ஒழுங்குடன் பயில வேண்டிய ஒரு கல்வியாகும். அதற்கு ஆயத்தமாகும் முறையைப் பெற்றோரும் அறிந்திருப்பது நலம்.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். ஒரு தலைப்பை ஆதரித்து ஓர் அணியும், எதிர்த்து மற்றோர் அணியும் வாதாடும். நாடாளுமன்ற முறையில் இவற்றை அரசுத் தரப்பு, எதிர்த்தரப்பு என்பர். 1988இல் தொடங்கிய உலகப் பள்ளிகள் சொற்போர்ப் போட்டியில் அணிக்கு மூவர் பேசுகின்றனர். ஒவ்வொருவருக்கும் 8 நிமிடம். பின்னர் அணிக்கு ஒருவர் 4 நிமிடத்தில் தொகுத்துரைப்பார். புள்ளிகளோ பொருளுக்கு 40, பேசும் முறைக்கு 40, உத்திக்கு 20 என்று பிரிக்கப்படுகின்றன. ஆகவே குரல்வளம் மட்டும் இருந்தால் வென்றுவிடலாம் என்று எண்ணுவது தவறு. வகுப்பறையில் ஆசிரியர் நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம்; முறை ஒன்றுதான்.

இனி, நாம் அறிந்த விஷயம் ஒன்றையே தலைப்பாக வைத்துக்கொள்வோம்: "கடைகளில் பிளாஸ்டிக் பைகளை அறவே தடை செய்ய வேண்டும்." சிலாங்கூரில் 2010இல் சனிக்கிழமைகளில் இலவசப் பை நிறுத்தப்பட்டது, 2017 ஜனவரி 1 முதல் எல்லா நாட்களுக்கும் அது விரிவாக்கப்பட்டு, பை ஒன்றுக்கு 20 சென் கட்டணம் வந்தது. இது கட்டணம், தலைப்போ தடையைப் பற்றியது. இந்த வேற்றுமையை முதற்பேச்சாளர் ஆரம்பத்திலேயே தெளிவாக்காவிட்டால், இரண்டு அணிகளும் வெவ்வேறு விஷயங்களைப் பேசிக்கொண்டிருக்கும்.

அடுத்து, பேரேட்டில் பற்றும் வரவும் எழுதுவதுபோல ஒரு தாளை நடுவில் கோடிட்டு, இரு தரப்பு நியாயங்களையும் எழுத வேண்டும். வாய்க்கால் அடைபடும், எளிதில் மட்காது என்பன ஒரு பக்கம். மீனுக்கும் ஈரப் பண்டங்களுக்கும் என்ன செய்வது, சிறுகடைக்காரரின் செலவு ஏறாதா என்பன மறுபக்கம். ஆதாரத்திற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் கடையில் ஒரு வாரத்தில் எத்தனை பை செலவாகிறது என்று பிள்ளையே எண்ணி எழுதட்டும். அந்தக் கணக்கு மறு அணியின் கையில் இராது.

மறுதரப்பின் நியாயத்தை அரைகுறையாக எழுதுவதில் பயனில்லை. அவர்களே படித்தாலும், "ஆம், எங்கள் வாதம் இதுதான்" என்று ஒப்பும்படி எழுத வேண்டும். இது நமக்குப் புதிய பாடமன்று. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலாசிரியர் கொள்ளும் மதம் ஏழு என வகுக்கிறது. பிறர் கருத்துக்கு உடன்படுவது ஒன்று, மறுப்பது ஒன்று, பிறர் கருத்தை முதலில் ஏற்றுரைத்துப் பின் களைவது ஒன்று, தான் நாட்டியதை நிலைநிறுத்துவது ஒன்று, இருவர் மாறுபடும் இடத்தில் ஒரு பக்கத்தைத் துணிவது ஒன்று. இவை சொற்போருக்கும் பொருந்தும். முதற்பேச்சாளர் நாட்டுகிறார், அடுத்தவர்கள் மறுதரப்பை எடுத்துரைத்துக் களைகிறார்கள், தொகுத்துரைப்பவர் எந்தப் பக்கம் கனக்கிறது என்று காட்டுகிறார். அவர் புதுவாதம் கொண்டுவரலாகாது.

மேடையில் மறு அணி பேசும்போது தன் தாளையே பார்த்துக்கொண்டிராமல், கவனித்துக் குறிப்பெடுக்க வேண்டும். மனப்பாடம் செய்த பேச்சு, எதிர்பாராத ஒரு கேள்வியிலே தடுமாறிவிடும். பேசியவரைப் பழிக்காமல், அவர் சொன்னதற்கு விடை சொல்ல வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எந்தத் தரப்பு என்பதைப் பிள்ளை தேர்ந்தெடுப்பதில்லை. சீட்டுப் போட்டோ ஆசிரியர் சொல்லியோ அமைகிறது. கடைக்காரர் மகனோ மகளோ கடைக்காரருக்கு எதிராக வாதாட நேரலாம். அப்போது, "நம் பிழைப்பையே பேசுகிறாயா?" என்று அதட்டாதீர்கள். வாடிக்கையாளர் மனமும், சரக்கு தருபவர் கணக்கும், லைசென்ஸ் அதிகாரியின் கேள்வியும் முன்கூட்டித் தெரிந்தவர்தானே நல்ல வியாபாரி? அந்தப் பயிற்சியைத்தான் பிள்ளை வகுப்பறையில் பெறுகிறது. இன்று தடுக்கப்படும் பிள்ளை, நாளை அதிகாரியின் மேசை முன்னே, தன் பக்கம் நியாயம் இருந்தும், வாய் திறவாமல் நிற்க நேரும்.

ஆதலால், சொற்போர் உண்டு என்று பிள்ளை சொன்னால், அன்று மாலை ஒரு மணி நேரம் கடைவேலையிலிருந்து விடுவியுங்கள். நீங்களே மறு அணியாக எதிரே அமர்ந்து, கடினமான கேள்விகளைக் கேளுங்கள். விடை சரியாக வந்தால், தோற்றுப்போகவும் தயங்காதீர்கள்.