விற்ற பிறகே வியாபாரம் தொடங்குகிறது

வெள்ளவத்தை காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையிலும் இலத்திரனியல் பொருட்கள் விற்கும் சிறு கடைக்காரர்கள் என்னிடம் அடிக்கடி கூறும் கவலை ஒன்றுதான். "பெரிய கம்பனிகளோடு போட்டி போட ஏலாது. அவர்கள் விலையைக் குறைக்கிறார்கள், தவணைக்குக் கொடுக்கிறார்கள், டீவியில் விளம்பரம் போடுகிறார்கள்" என்பார்கள்.

கவலை நியாயமானதே. சிங்கர் நிறுவனம் 1877 முதல் இந்நாட்டில் வியாபாரம் செய்கிறது. அதன் பணபலத்துக்கும் கிளைகளுக்கும் முன்னால் ஒரு தனிக்கடை நிற்க முடியாது. ஆனால் இத்துறையின் மற்றொரு பெரும் பெயரான அபான்ஸ் எவ்வாறு தொடங்கியது என்பதைச் சற்றுப் பாருங்கள். இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் புதிய பொருட்கள் கிடைப்பது அரிதாக இருந்த 1960களில், திருமதி ஆபான் பெஸ்தொன்ஜி, நாட்டை விட்டுச் செல்லும் வெளிநாட்டவர்களின் பழைய வீட்டு மின்சாதனங்களை வாங்கித் திருத்தி விற்றார். 1968இல் ஆரம்பமான அந்த நிறுவனத்தின் அத்திவாரம் திருத்த வேலைதான். விளம்பரமெல்லாம் பிறகு வந்தவை. சிறு வியாபாரிக்கு இதில் பெரிய படிப்பினை இருக்கிறது. விலையில் நாம் தோற்கலாம், விற்ற பின்னர் செய்யும் சேவையில் தோற்க வேண்டியதில்லை.

1. குறையை வாயால் சொல்லுங்கள்

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் இருந்த சம்பவம் நாம் அனைவரும் அறிந்ததே. நனைந்த பகுதியை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டும் என்பதே அன்று அவ்வியாபாரிக்குக் கிடைத்த போதனை. நமது கடையில் அந்த ஈரம் எது? ஆறு மாதம் ஷோகேஸில் ஓடிய டீவியை மீண்டும் பெட்டியில் போட்டுப் புதியதாக விற்பது. திருத்திய கைத்தொலைபேசியைப் 'பிராண்ட் நியூ' என்பது. 110 வோல்ட் பொருளை, நமது 230 வோல்ட் மின்சாரத்துக்கு டிரான்ஸ்போமர் தேவை என்று சொல்லாமல் கொடுப்பது. இவற்றை விற்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. குறையைச் சொல்லி, விலையைக் குறைத்து, அதனைப் பற்றுச்சீட்டிலும் எழுதிக் கொடுத்தால் அது நேர்மையான வியாபாரமே.

நாட்டின் சட்டமும் இதையே கேட்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதும் பொருளைப் பற்றிப் பொய்யாகக் கூறுவதும் குற்றமாகும். பற்றுச்சீட்டு கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும்.

2. எந்த வாரண்டி என்று பிரித்துச் சொல்லுங்கள்

பெரும்பாலான சண்டைகளுக்குக் காரணம் 'வாரண்டி இருக்கு' என்ற இரண்டு சொற்கள்தான். இலங்கை முகவரின் வாரண்டி வேறு, நமது கடை தரும் வாரண்டி வேறு. டுபாயிலிருந்து நேரடியாக வந்த பொருளை இங்குள்ள முகவர் பொறுப்பேற்காமல் விடலாம். குளிர்சாதனப் பெட்டியில் கொம்பிரசருக்குப் பத்து வருடம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். ஏனைய பாகங்களுக்கு உள்ள குறுகிய காலம் சின்ன எழுத்தில் இருக்கும். யார் பொறுப்பு, எந்தப் பாகத்துக்கு, எவ்வளவு காலம், திருத்துவதா மாற்றித் தருவதா என்ற நான்கையும் காசு வாங்குமுன் சொல்லுங்கள். சீரியல் இலக்கத்தையும் பற்றுச்சீட்டில் எழுதுங்கள்.

3. வாங்குபவர் ஒருவர், பாவிப்பவர் இன்னொருவர்

வெள்ளவத்தையில் பல பொருட்களுக்குக் காசு கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிறது. பாவிக்கப் போகிறவர் நான்காம் மாடியில் தனியாக இருக்கும் தாயார். அவருக்குப் பன்னிரண்டு புரோகிராம் உள்ள சலவை இயந்திரம் தேவையா? கொட்டாஞ்சேனையின் பழைய மாடி வீடுகளில் படிக்கட்டு ஒடுக்கம், தண்ணீர் அழுத்தமும் குறைவு. இவற்றைக் கேட்காமல் விற்றால் பொருள் நல்லதாக இருந்தும் முறைப்பாடு வரும்.

முன்பக்கக் கதவுள்ள சலவை இயந்திரத்தின் பின்னால், போக்குவரத்துக்காகப் பூட்டிய போல்ட்டுகள் இருக்கும். அவற்றைக் கழற்றாமல் ஓடவிட்டால் இயந்திரம் வீட்டையே உலுக்கும். வாடிக்கையாளர் 'பழுதான சாமான்' என்பார். பத்து நிமிடம் நின்று பூட்டிக் கொடுக்கும் பையன் ஒருவன் இருந்தால் இந்தப் பேச்சே வராது.

4. திரும்பி வருபவரை எப்படி வரவேற்கிறீர்கள்?

அண்மையில் கொட்டாஞ்சேனைக் கடையொன்றில் நின்றிருந்தேன். இரண்டு வாரத்துக்கு முன் வாங்கிய கிரைண்டரைப் பையில் சுமந்துகொண்டு ஒரு தாய் வந்தார். விற்பனைப் பையன் தலையை நிமிர்த்தாமலே, "எங்களால ஒண்டும் செய்ய ஏலாது, கம்பனிக்குக் கொண்டு போங்க" என்றான். உள்ளேயிருந்து முதலாளி வந்தார். கதிரை போட்டு உட்கார வைத்தார். பொருளைப் பொறுப்பேற்றுத் துண்டு எழுதிக் கொடுத்தார். முகவருக்கு அவரே தொலைபேசி எடுத்து, "வியாழக்கிழமை நானே அறிவிக்கிறேன் அம்மா" என்றார். போகும்போது அந்தத் தாய் மகளின் வீட்டுக்கு ஒரு மின்விசிறியின் விலையைக் கேட்டுவிட்டுப் போனார்.

முதலாளியின் பண்பு பையனிடம் இல்லையே, ஏன்? விற்றால்தான் அவனுக்குக் கொமிஷன். திரும்பி வருபவரைக் கவனித்தால் எதுவும் இல்லை. முறைப்பாட்டைத் தீர்த்து வைப்பவருக்கும் ஒரு சிறு ஊக்கத்தொகை வைத்துப் பாருங்கள்.

5. சொன்ன விலை அமானிதம்

2022 மார்ச்சில் ரூபாயின் பெறுமதி சரியத் தொடங்கி, இரண்டு மாதத்துக்குள் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. முற்பணம் வாங்கி, விலை பேசி முடித்திருந்த கடைகள் பெரும் சோதனையைச் சந்தித்தன. நட்டத்தைத் தாங்கிப் பழைய விலைக்கே கொடுத்தவர்களையும் கண்டேன். கையிருப்பில் பொருளை வைத்துக்கொண்டே 'ஸ்டொக் இல்லை' என்றவர்களையும் கண்டேன். வாடிக்கையாளர்கள் இரு சாராரையும் மறக்கவில்லை. தாங்க முடியாத நட்டமென்றால் முற்பணம் வாங்கும்போதே நிபந்தனையைத் தெளிவாக எழுதிக்கொள்வதுதான் முறை. பேசி முடித்த பின் பொய் சொல்வது முறையல்ல.

தவணை வியாபாரத்திலும் இதே ஒழுங்குதான். கடன் விலை ரொக்க விலையை விடக் கூடுவதைப் பெரும்பாலான இமாம்கள் அனுமதிக்கின்றனர். ஆனால் விலை உடன்படிக்கையின்போதே ஒன்றாக முடிவாக வேண்டும். பின்னர் தவணை தவறியதற்காகத் தொகையைக் கூட்டி இலாபம் எடுப்பது வட்டியாகிவிடும்.

இவ்வாரமே ஒரு காரியம் செய்யலாம். ஒரு கொப்பியை எடுத்து மூன்று நிரல் கீறுங்கள். திரும்பி வந்த பொருள், காரணம், எத்தனை நாளில் தீர்த்தோம் என்று எழுதி வாருங்கள். மூன்று மாதம் கழித்து அதைப் புரட்டினால் எந்தப் பிராண்டை நிறுத்த வேண்டும், எந்தப் பையனுக்குப் பயிற்சி தேவை, எந்த முகவர் நம்மைக் கைவிடுகிறார் என்பது தெரியவரும். பெரிய கம்பனியில் இந்தக் கணக்கு எங்கோ ஒரு தலைமை அலுவலகத்தில் இருக்கும். உங்கள் கடையில் அது உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். சிறு வியாபாரியின் பலம் அதுதான்.

நமது கொடுக்கல் வாங்கல்களில் அல்லாஹ் பரகத் செய்வானாக.